வீட்டு வளவில் பிக்கப்பின் முன் சஸ்பென்ஷன் சாமான்களை மாற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வளவில் மாமரத்துக்குக் கீழே பிக்கப்பை உயர்த்தி வைத்து நான் வேலை செய்வதைக் காணும் அயலவரும் உறவினரும் பல ஆண்டுகளாக ஒரே ஐயங்களையே கேட்டு வருகிறார்கள். இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை அந்நிலை நீடித்ததால், இருபது முப்பது வயதான பிக்கப்புகளையே திருத்தித் திருத்தி ஓட வேண்டியதாயிற்று. கேள்விகளும் அதற்கேற்பக் கூடின. நான் தொழில்முறை மெக்கானிக் அல்லன். சொந்த வாகனத்தைச் சொந்தக் கையால் கழற்றிப் பூட்டிப் பழகியவன். கேட்டவர்கள் கேட்ட விதமாகவே கேள்விகளை வைத்து, எனக்குத் திடமாகத் தெரிந்ததை மட்டும் கீழே எழுதியிருக்கிறேன்.

முன் சஸ்பென்ஷன் என்று சொல்லும்போது எந்தெந்தச் சாமான்களைச் சொல்கிறீர்கள்?

பெரும்பாலான பிக்கப்புகளில் ஒவ்வொரு முன் சில்லையும் மேலும் கீழுமாக இரண்டு ஆம்கள் (இரும்புக் கைகள்) தாங்குகின்றன. அப்பர் ஆம், லோவர் ஆம் என்று மெக்கானிக்மார் சொல்வது இவற்றைத்தான். ஆமின் உள்முனை இறப்பர் புஷ் வழியாகச் செஸியில் பூட்டப்பட்டிருக்கும். வெளிமுனை போல் ஜொயின்ட் எனப்படும், எப்பக்கமும் திரும்பும் குண்டு மூட்டு வழியாக, சில்லைத் தாங்கும் நக்கிளில் பூட்டப்பட்டிருக்கும். பாரத்தைத் தாங்குவதற்குச் சுருள் ஸ்பிரிங் அல்லது டோர்ஷன் பார் எனப்படும் நீண்ட இரும்புக் கம்பி இருக்கும். துள்ளலை அடக்குவது ஷொக் அப்சோபர். வளைவில் வாகனம் ஒரு பக்கம் சாயாமல் பிடிப்பது ஸ்டெபிலைசர் பாரும் அதன் லிங்குகளும்.

சில்லைத் திருப்பும் கம்பியின் முனை மூட்டான ரை ரொட் என்ட் உண்மையில் ஸ்டியரிங்கைச் சேர்ந்தது. ஆனாலும் அதே இடத்தில், அதே உப்பிலும் சேற்றிலும் கிடந்து தேய்வதால், ஒன்றைப் பார்க்கும்போது மற்றதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கிடங்கில் விழும்போது முன்னுக்கு 'டொக் டொக்' என்று சத்தம் கேட்கிறது. எந்தச் சாமானை வாங்கிப் பூட்ட வேண்டும்?

சத்தத்தை மட்டும் வைத்துச் சாமான் வாங்கப் போகாதீர்கள். வீணாகும் பணத்தில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் வீணாகிறது. சத்தம் ஒரு குறிப்பை மட்டுமே தரும்: ஒழுங்கையில் மெதுவாகப் போகும்போது சிறு மேடு பள்ளங்களில் இலேசாகத் தட்டினால் முதலில் ஸ்டெபிலைசர் லிங்கையும் அதன் புஷ்ஷையும் சந்தேகியுங்கள், பெரிய கிடங்கில் மட்டும் கனமாக இடித்தால் ஷொக் அல்லது ஆம் புஷ், ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பும்போது முறுகுவதுபோல் 'கிரீச்' என்றால் காய்ந்துபோன போல் ஜொயின்ட், பிரேக் பிடிக்கும் கணத்தில் ஒரே ஒரு தட்டு என்றால் லோவர் ஆம் புஷ்.

ரயரும் பேசும். உட்பக்கமோ வெளிப்பக்கமோ மட்டும் தேய்ந்திருந்தால் சில்லின் கோணம் பிசகியிருக்கிறது. ஓரமெல்லாம் விட்டுவிட்டுப் பள்ளம் பள்ளமாகத் தேய்ந்திருந்தால் ஷொக் வேலை செய்யவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம். கையை ரயரின் மேற்பரப்பில் ஒரு திசையில் தடவும்போது வழுவழுப்பாகவும், எதிர்த் திசையில் அரம்போலவும் இருந்தால், முன் சில்லுகள் இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக ஓடவில்லை. தேய்ந்த ரை ரொட் என்ட் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

தேய்ந்த சாமானைக் கராஜுக்குப் போகாமல் வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

கடினமான, மட்டமான தரையில் நிறுத்தி, பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஹான்ட் பிரேக்கை இழுத்துவிட்டுத் தொடங்குங்கள். ஜக்கை எங்கே வைப்பது என்பதே இந்தப் பரிசோதனையின் உயிர். ஸ்பிரிங் அல்லது டோர்ஷன் பார் எந்த ஆமைத் தள்ளுகிறதோ, அந்த ஆமின் போல் ஜொயின்ட்தான் வாகனத்தின் பாரத்தைச் சுமக்கிறது. பாரம் அதன்மேல் இருக்கும்வரை தேய்ந்த ஜொயின்ட்டும் இறுக்கமாக இருப்பதுபோலவே நடிக்கும். ஆகவே ஸ்பிரிங் லோவர் ஆமில் நிற்கும் வாகனங்களில், ஜக்கை லோவர் ஆமுக்குக் கீழே, போல் ஜொயின்ட்டுக்குக் கிட்டவாக வைத்து உயர்த்த வேண்டும். டோர்ஷன் பார் அப்பர் ஆமில் பூட்டப்பட்டிருந்தால், செஸிக்குக் கீழே ஜக்கை வைத்துச் சில்லைத் தொங்கவிட வேண்டும்.

சில்லு தரையை விட்டு எழுந்ததும் அதன் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் அது வீல் பெயாரிங். மறையாவிட்டால் போல் ஜொயின்ட் அல்லது ஆம் புஷ். ஒருவர் ஆட்ட, மற்றவர் டோர்ச்சுடன் ஜொயின்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் எது அசைகிறது என்று கண்ணுக்கே தெரியும். பிறகு ரயருக்குக் கீழே அலவாங்கைக் கொடுத்து மெதுவாக மேலே நெம்புங்கள். நக்கிளுக்கும் ஆமுக்கும் இடையில் மேல்கீழாக அசைவு தெரிந்தால் பாரம் சுமக்கும் ஜொயின்ட் முடிந்துவிட்டது.

கடைசியாகச் சில்லின் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் பிடித்து ஆட்டுங்கள். இந்த ஆட்டம் ரை ரொட் என்ட்டிலிருந்து வரலாம்; பழைய வகை ஸ்டியரிங் பெட்டியுள்ள வாகனங்களில் ஐட்லர் ஆமிலிருந்தும் வரலாம். இறப்பர் உறை கிழிந்து கிறீஸ் வெளியே வந்திருந்தால், இன்று ஆட்டம் இல்லாவிட்டாலும் மணல் உள்ளே போய்விட்டது என்றே கொள்ள வேண்டும்.

பொனற்றைக் கையால் அமத்தி விட்டுப் பார்த்தால் ஷொக் நல்லதா என்று தெரியாதா?

முற்றாகச் செத்துப்போன ஷொக்கை மட்டும் அது காட்டும். பாரம் ஏற்றுவதற்கான பிக்கப்பின் ஸ்பிரிங் கடினமானது என்பதால், அரைவாசி பழுதான ஷொக்கும் அந்தப் பரிசோதனையில் தப்பிவிடும். ஷொக்கின் உடலைப் பாருங்கள். இலேசான ஈரப்பசையில் தூசு படிந்திருந்தால் கவலைப்படத் தேவையில்லை. எண்ணெய் வழிந்து கீழ்ப் புஷ் வரை வந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

இவற்றில் எதை வீட்டில் செய்யலாம், எதற்குக் கராஜுக்குப் போக வேண்டும்?

என் கணிப்பில் இலேசானதிலிருந்து கடினமானதற்குப் போகும் வரிசை இதுதான்: ஸ்டெபிலைசர் லிங்கும் புஷ்ஷும், டோர்ஷன் பார் வாகனங்களின் தனி ஷொக், ரை ரொட் என்ட், நட் போல்ட்டால் பூட்டப்படும் போல் ஜொயின்ட். இவற்றை நிதானமுள்ள ஒருவர் வீட்டில் செய்யலாம். முதல் முறை செய்பவர் ஸ்டெபிலைசர் லிங்கிலிருந்து தொடங்கினால், வாகனத்தை உயர்த்தி நிறுத்தும் பழக்கமும் கைக்கு வரும்.

அழுத்தி இறக்கப்பட்ட போல் ஜொயின்ட்டையும் ஆம் புஷ்ஷையும் பொறுத்தவரை, ஆமைக் கழற்றி எடுத்துக்கொண்டு பிரெஸ் வைத்திருக்கும் இடத்துக்குப் போய் அமத்தி வாங்கி வந்து நீங்களே பூட்டலாம். கூலியில் பாதி மிஞ்சும். சுருள் ஸ்பிரிங்குக்குள் ஷொக் அமைந்திருக்கும் வாகனங்களைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

ஜக் ஸ்டாண்ட் இல்லை. சீமெந்துக் கல்லோ பனங்குற்றியோ அடுக்கி நிறுத்தினால் போதாதா?

போதாது. இந்த ஒரு விடயத்தில் நான் யாருடனும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை. சீமெந்துக் கல் சுவரில் பாரம் பரவி நிற்கும்போது வலிமையானதுதான். செஸியின் ஒரு விளிம்பு அதன் நடுவில் மட்டும் அமத்தும்போதோ எந்த முன்னறிவிப்பும் இன்றி வெடித்துத் தூளாகும். என் உறவினர் ஒருவரின் பிக்கப் அப்படித்தான் விழுந்தது. கழற்றிய சில்லைச் செஸிக்குக் கீழே படுக்கையாகத் தள்ளி வைத்திருந்ததால் வாகனம் அதன்மேல் நின்றது, அவர் பிழைத்தார். பனங்குற்றி வெடிக்காது, ஆனால் உருளும்.

3 தொன் தாங்கும் ஜக் ஸ்டாண்ட் ஒரு சோடி வாங்குங்கள். முதன்முதலில் செலவழிக்க வேண்டியது அதற்குத்தான். வலிகாமத்துச் செம்மண் மாரியில் குழைந்துவிடும். வடமராட்சிக் கரையோர மணலோ எந்தக் காலத்திலும் நம்பத்தக்கதன்று. மண் தரையில் வேலை செய்ய நேர்ந்தால் ஜக்குக்கும் ஸ்டாண்டுக்கும் கீழே அகலமான தடித்த பலகை வையுங்கள். ஸ்டாண்டைச் செஸியின் பெட்டிப் பகுதிக்குக் கீழே வைத்துவிட்டு, படுப்பதற்கு முன் வாகனத்தைப் பக்கவாட்டில் பலமாக ஒரு தரம் உலுப்பிப் பாருங்கள். கழற்றிய சில்லு எப்போதும் செஸிக்குக் கீழேதான் கிடக்க வேண்டும்.

என்னென்ன கருவிகள் கட்டாயம் வேண்டும்?

பெரும்பாலும் 14 முதல் 24 மில்லிமீற்றர் வரையான சொக்கற்றுகள், நீண்ட கைபிடி, ஒரு கிலோவுக்குக் குறையாத சுத்தியல், குறடு, கம்பித் தூரிகை, ரை ரொட் என்ட்டுக்கும் போல் ஜொயின்ட்டுக்கும் பொருந்தும் ஒரு புல்லர். எல்லாவற்றிலும் பெறுமதியானது, எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டோர்க் றென்ச். இரவல் கிடைத்தாலும் வாங்கி வந்துவிடுங்கள்.

பழைய ஜப்பானியக் கைந்நூல்களில் இறுக்க அளவு கிலோகிராம் சென்ரிமீற்றரில் இருக்கும். கடையில் வாங்கும் றென்ச்சில் நியூட்டன் மீற்றர் இருக்கும். முன்னையதைப் பத்தால் வகுத்தால் பின்னையது ஏறத்தாழக் கிடைக்கும்: 1000 என்று எழுதியிருந்தால் 98 நியூட்டன் மீற்றர். றென்ச் கிடைக்கவே இல்லையென்றால், நட்டின் மையத்திலிருந்து சரியாக அரை மீற்றர் தூரத்தில், கைபிடிக்குச் செங்குத்தாக, மீன் நிறுக்கும் கொளுக்கித் தராசால் 20 கிலோ காட்டும்வரை இழுத்தாலும் அதே 98 தான் வரும். என் தகப்பனார் காலத்து முறை இது, கணக்குப் பிசகாது.

தீவுப்பக்கம் மீன் ஏற்றி ஓடிய வாகனம். ஒரு நட்டும் அசையவில்லை. என்ன செய்வது?

யாழ்ப்பாணத்தைத் தீவுகளுடன் இணைக்கும் பண்ணைத் தாம்போதியிலும் பொன்னாலைத் தாம்போதியிலும் இருபக்கமும் கடல். அதிலே நாள்தோறும் ஓடி, பின்னால் மீன் பெட்டியிலிருந்து உப்புத்தண்ணீரும் வடிந்தால் இரும்பு இப்படித்தான் ஆகும். வேலை நாளன்று அதனுடன் மல்லுக்கட்டாதீர்கள். மூன்று நாள் முன்னதாகவே கம்பித் தூரிகையால் புரியைச் சுத்தம் செய்து, துரு இளக்கும் எண்ணெயை அடித்து, காலையும் மாலையும் அதைத் திரும்பச் செய்யுங்கள். பிறகு சொக்கற்றை முழுமையாக இறக்கி, முதலில் இறுக்கும் திசையில் மயிரளவு அசைத்துவிட்டுப் பின் கழற்றும் திசையில் திருப்பினால், துரு உடைந்து நட் இளகுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கைபிடியில் தண்ணீர்க் குழாய்த் துண்டை மாட்டி நீட்டலாம்; ஆனால் வாகனம் ஸ்டாண்டில் நிற்கும்போது அந்த நீட்டிய கையில் தொங்கக் கூடாது.

லோவர் ஆம் போல்ட் புஷ்ஷின் உள் இரும்புக் குழாயுடன் துருவால் ஒட்டிக்கொண்டால், நட் கழன்ற பிறகும் போல்ட் வராது. அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும். வீட்டில் வேண்டாம். புதிய போல்ட்டைப் பூட்டும்போது குழாய்க்குள் போகும் தண்டுப் பகுதியில் மட்டும் மெல்லிய கிறீஸ் பூசிவிட்டால் அடுத்த முறை இந்தத் துன்பம் வராது.

ஒறிஜினல், ஜப்பான் கம்பனிச் சாமான், மலிவுச் சாமான், திருத்திய பழைய சாமான்: எதை வாங்குவது?

போல் ஜொயின்ட்டிலும் ரை ரொட் என்ட்டிலும் மலிவு பார்க்கக் கூடாது. அவை கழன்றால் சில்லு மடிந்து விழும். மற்றவை தேய்ந்தால் சத்தத்தோடும் ரயர்த் தேய்வோடும் போய்விடும். ஒறிஜினல் விலை கட்டாதென்றால் 555 போன்ற பெயர்பெற்ற ஜப்பானியத் தயாரிப்பை, நம்பிக்கையான கடையில் வாங்குங்கள். பெயர்பெற்ற பெட்டிக்குள் போலியும் வரும் என்பதால், எழுத்தின் அச்சு, உறையின் இறப்பர், புரியின் நேர்த்தி ஆகியவற்றைக் கடையிலேயே பிரித்துப் பார்க்கலாம். தேய்ந்த போல் ஜொயின்ட்டைத் திறந்து உள்ளே எதையாவது நிரப்பி மூடியை வெல்டிங் செய்து தரும் வேலையை ஒருபோதும் ஏற்காதீர்கள். சூட்டினால் அதன் கடினத்தன்மை போய்விடும், உடையும் நாள் யாருக்கும் தெரியாது.

யாழ்ப்பாணத்தில் கிடைக்காததைக் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் எடுப்பிப்பவர்கள் வாகனத்தின் பெயரை மட்டும் சொல்லி ஏமாறுகிறார்கள். ஹைலக்ஸ் என்றால் அதில் எத்தனையோ வகை. செஸி இலக்கத்தின் முன்னெழுத்துகளைச் சொல்லுங்கள்: எல்.என். என்றால் பழைய எல் வகை டீசல் எஞ்சின், கே.யு.என். என்றால் விகோ, ஜி.யு.என். என்றால் அதற்குப் பின்வந்த ரெவோ. இயலுமானால் பழைய சாமானைக் கழற்றி, படம் எடுத்து, கூம்புத் தண்டின் விட்டத்தையும் அளந்து அனுப்புங்கள்.

ஒரு பக்கம் மட்டும்தானே பழுது. மற்றப் பக்கத்தையும் ஏன் மாற்ற வேண்டும்?

ஷொக்கையும் ஸ்பிரிங்கையும் கட்டாயம் சோடியாகவே மாற்றுங்கள், இல்லையேல் பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் அமிழும். போல் ஜொயின்ட்டில் அப்படிக் கட்டாயம் இல்லை. மேலே சொன்ன பரிசோதனையில் மற்றப் பக்கம் இறுக்கமாகவும் உறை கிழியாமலும் இருந்தால் விட்டுவிடலாம்.

போல் ஜொயின்ட் நட்டைக் கழற்றிவிட்டேன், ஆனால் ஜொயின்ட் நக்கிளை விட்டு வருவதாக இல்லை. எப்படி அடிப்பது?

முதலில் அந்த நட்டைத் திரும்பப் போட்டு, சில புரிகள் ஏற்றி விடுங்கள். ஜொயின்ட்டின் தண்டு கூம்பு வடிவம். அது விடுபடும் கணத்தில் ஸ்பிரிங்கின் பலம் முழுவதும் பாயும். நட் புரியில் இருந்தால் ஆம் அந்த அளவோடு நிற்கும். ஸ்பிரிங் அமத்தும் ஆமுக்குக் கீழே ஜக்கையும் முட்டுக் கொடுத்திருக்க வேண்டும்.

அடிக்க வேண்டியது தண்டின் நுனியில் அன்று, தண்டு செருகியிருக்கும் நக்கிள் கண்ணின் பக்கவாட்டில். ஒரு பக்கத்தில் கனமான சுத்தியலை அணைத்துப் பிடித்து எதிர்ப்பக்கத்தில் மற்றொன்றால் உறுதியாக நான்கைந்து அடி அடித்தால், கண் கணநேரம் நீள்வட்டமாகி கூம்பைக் கைவிடும். புல்லரை மாட்டி இறுக்கி வைத்துக்கொண்டு அடித்தால் இன்னும் விரைவு. இரட்டைக் கவர் ஆப்பை அடித்து இறக்கும் முறை இறப்பர் உறையைக் கிழித்துவிடும் என்பதால், எறியப்போகும் ஜொயின்ட்டுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

இந்த வேலைக்கு முன்பே பிரேக் கலிப்பரைக் கழற்றிக் கம்பியால் செஸியில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் குழாயில் அது தொங்கக் கூடாது. ஏ.பி.எஸ். வயர் இருந்தால் அதன் பிடிகளை விடுவியுங்கள். நான்கு சில்லும் இழுக்கும் வாகனமானால், நக்கிள் வெளியே சாயும்போது முன் அக்சிலும் கூட இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நட்டை இறுக்கியாயிற்று. ஸ்பிளிட் பின் துவாரம் நேரே வரவில்லை. கொஞ்சம் இளக்கலாமா?

இளக்கக் கூடாது. அடுத்த வெட்டு துவாரத்துக்கு நேரே வரும்வரை இன்னும் இறுக்குங்கள். கூம்பும் கண்ணும் எண்ணெய்ப் பசையின்றித் துடைக்கப்பட்டிருக்க வேண்டும். நட் கழலாமல் துவாரத்தில் செருகும் அந்த ஸ்பிளிட் பின் எப்போதும் புதியதாக இருக்க வேண்டும். கம்பித் துண்டு, ஆணி எதுவும் அதற்கு ஈடாகாது.

என் வாகனத்தில் டோர்ஷன் பார். ஆமைக் கழற்றுவதற்கு முன் அதை என்ன செய்ய வேண்டும்?

சில்லு தரையில் நிற்கும்போதே, சில்லின் மையத்திலிருந்து மட்கார்ட்டின் விளிம்பு வரையான உயரத்தை இருபக்கமும் அளந்து எழுதி வையுங்கள். தரையிலிருந்து அளந்தால் ரயரின் காற்று கணக்கைக் குழப்பும். பிறகு பாரின் பின்முனையில், செஸியின் குறுக்குச் சட்டத்தில் இருக்கும் சரிசெய்யும் போல்ட்டில் நட்டுக்கு வெளியே எவ்வளவு புரி நீட்டிக்கொண்டிருக்கிறது என்று மில்லிமீற்றரில் அளந்து குறியுங்கள். பாரின் இரு முனைகளிலும், அது செருகியிருக்கும் பகுதியையும் சேர்த்து ஒரே கோடாக வர்ணம் பூசுங்கள். ஒரு பல் தவறிச் செருகினாலும் உயரம் மாறிவிடும்.

செஸியை ஸ்டாண்டில் நிறுத்திச் சில்லு முழுவதும் தொங்கும் நிலையில்தான் பாரின் முறுக்கு ஆகக் குறைவாக இருக்கும். அப்போதுங்கூட அது பூச்சியமாகாது. ஆகவே போல்ட்டை மெதுவாக, திருகுகளை எண்ணிக்கொண்டு இளக்குங்கள். முகத்தையும் கையையும் அந்த முனைக்கு நேரே வைக்க வேண்டாம். இடப்பக்கப் பாரும் வலப்பக்கப் பாரும் வெவ்வேறு திசையில் முறுகிப் பழகியவை. மாற்றிப் போடக் கூடாது. திரும்பப் பூட்டிய பின், வாகனத்தைக் கொஞ்சத் தூரம் ஓட்டி நிறுத்தி எழுதி வைத்த உயரத்துடன் ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

இதே போல்ட்டை இறுக்கி வாகனத்தின் முன்பக்கத்தை உயர்த்திக் காட்டும் ஆசை இளைஞர்கள் சிலருக்கு உண்டு. பார் அதனால் பலமாகிவிடுவதில்லை. ஆம்கள் கீழ்நோக்கிச் சாய்ந்து, போல் ஜொயின்ட்டும் அக்சில் ஜொயின்ட்டும் எந்நேரமும் கோணலாகவே வேலை செய்து சீக்கிரம் தேயும்.

விகோவின் முன் ஷொக்கை நானே மாற்றலாமா?

ஷொக்கும் சுருள் ஸ்பிரிங்கும் சேர்ந்த முழுத் தொகுதியை வாகனத்திலிருந்து கழற்றிப் பூட்டலாம். மேலே மூன்று நட், கீழே ஒரு போல்ட். ஆனால் உச்சியின் நடுவிலுள்ள ஒற்றை நட்டை மட்டும் தொடாதீர்கள். நூற்றுக்கணக்கான கிலோ விசையுடன் அமத்தி வைக்கப்பட்ட ஸ்பிரிங்கை அந்த ஒரு நட்தான் பிடித்து வைத்திருக்கிறது. தொகுதியைக் கராஜுக்குக் கொண்டுபோய், சுவரில் பூட்டிய ஸ்பிரிங் அமத்தியில் வைத்து ஷொக்கை மாற்றி வாங்கி வாருங்கள். கயிறு கட்டிச் செய்து காட்டுவேன் என்பவரிடமும் கொடுக்க வேண்டாம்.

ஆம் புஷ் புதிதாகப் போட்டு ஆறு மாதம் ஆகவில்லை, கிழிந்துவிட்டது. சாமான் மோசமா?

சாமானைத் திட்டுவதற்கு முன், பூட்டியபோது போல்ட்டைக் கடைசியாக எந்த நிலையில் இறுக்கினீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். நானும் முதல் முறை இதே தவற்றைச் செய்து, ஒரு மாரிக்குள்ளேயே இரண்டு புஷ்களைக் கிழித்தவன்.

புஷ்ஷின் உள் இரும்புக் குழாய், வெளி உறை ஆகிய இரண்டுடனும் இறப்பர் ஒட்டியே இருக்கும். போல்ட்டை இறுக்கியதும் உள் குழாய் செஸியுடன் அசையாது பிடிபடும்; அதன்பின் ஆம் ஏறி இறங்குவதெல்லாம் இறப்பர் முறுகுவதால் மட்டுமே நடக்கும். சில்லு அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால், தொங்கும் நிலையே இறப்பரின் ஓய்வு நிலை ஆகிவிடும். வாகனத்தை இறக்கிய உடனே, வீதிக்குப் போகாமலே, அது முறுகிய நிலையில் நிற்கும். அதற்கு மேல் ஒவ்வொரு கிடங்கும் அதை இன்னும் முறுக்கும். கிழியாமல் என்ன செய்யும்? முன்பக்கம் ஒரு விரற்கடை உயர்ந்து நிற்பதும், புதுச் சாமான் போட்டும் ஓட்டம் கடினமாக இருப்பதும் இதே தவற்றின் அடையாளங்கள்.

எனவே எல்லா ஆம் போல்ட்டுகளையும், இறப்பர் புஷ் உள்ள ஷொக்கின் கீழ்ப் போல்ட்டையும் கையால் மட்டும் ஏற்றிவிட்டு, சில்லைப் பூட்டி, வாகனத்தைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தை இரண்டு மூன்று தரம் அமத்தி அசைத்து, அதன் பாரம் அதன்மேலேயே நிற்கும் நிலையில் இறுதியாக இறுக்குங்கள். கீழே புகுந்து றென்ச் திருப்ப இடமில்லையென்றால், தொங்கும் நிலையில் லோவர் ஆமை ஜக்கால் மேலே தள்ளி, முன்பு எழுதி வைத்த மைய உயரம் வந்ததும் இறுக்கலாம். அப்போது அந்த ஜக்கைத் தவிர ஸ்டாண்டும் செஸியில் இருக்க வேண்டும்.

புஷ்ஷுக்குக் கிறீஸ் போடலாமா? சத்தம் வராது என்கிறார்களே.

சாதாரண இறப்பர் புஷ்ஷுக்குப் பெற்றோலியக் கிறீஸ் பகை. இறப்பர் ஊதிப் பதமிழக்கும். ஸ்டெபிலைசர் புஷ்ஷை ஏற்றச் சவர்க்காரத் தண்ணீர் போதும். பொலியூரித்தேன் புஷ்ஷுக்கு அதற்கெனத் தரப்படும் சிலிக்கோன் கிறீஸைப் போடலாம், போடாவிட்டால் அதுதான் கிறீச்சிடும். கிறீஸ் முலை வைத்த போல் ஜொயின்ட்டுக்கு உறை இலேசாகப் புடைக்கும்வரை ஏற்றி நிறுத்துங்கள்.

என்னுடையது பழைய 106 ஹைலக்ஸ். நீங்கள் சொன்ன ஆம்களையும் போல் ஜொயின்ட்டையும் எங்கே தேடியும் காணவில்லையே?

இல்லாததைத் தேடுகிறீர்கள். எல்.என். 106 இல் முன்பக்கமும் லொறியைப்போல முழு அக்சிலும் இலை ஸ்பிரிங்கும்தான். நக்கிள் மேலும் கீழும் பெயாரிங்கில் திரும்புகிறது. அதன் இறுக்கத்தை மெல்லிய தகட்டுச் சிம்கள் தீர்மானிக்கின்றன. உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டும் பரிசோதனையும் பிரேக் மிதிக்கும் தந்திரமும் இங்கும் பொருந்தும்: பிரேக் மிதித்தும் நிற்கும் ஆட்டம் நக்கிள் பெயாரிங்கினுடையது. அதைப் பழகியவரிடம் விடுங்கள். இலை ஸ்பிரிங்கின் புஷ்களையும் சக்கிள் பின்களையும், ரை ரொட் என்ட்டையும் ஷொக்கையும் வீட்டில் தாராளமாக மாற்றலாம். ஸ்டாண்டைச் செஸியில் வைத்து, அக்சிலை ஜக்கில் தாங்கினால் ஸ்பிரிங் இளகிக்கொடுக்கும்.

சாமான் மாற்றிய பின் வீல் எலைன்மென்ட் கட்டாயமா? நூல் பிடித்துப் பார்த்தால் போதாதா?

ஷொக்கும் ஸ்டெபிலைசரும் மட்டும் மாற்றினால் தேவையில்லை. ரை ரொட் என்ட், ஆம், ஆம் புஷ் ஆகியவற்றில் எதைத் தொட்டாலும் கட்டாயம்; போல் ஜொயின்ட்டுக்கும் செய்துவிடுவது நல்லது. எலைன்மென்ட் மெசின் உள்ள இடம்வரை ஓட்டிப் போகும் அளவுக்கு வீட்டில் சரிசெய்யலாம். பழைய ரை ரொட் என்ட்டைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் கழன்றதோ அத்தனை சுற்றில் புதியதை ஏற்றுங்கள். ஆம் போல்ட்டில் சரிசெய்யும் வட்டத்தட்டு இருந்தால் கழற்றுமுன் அதன் நிலையைக் கீறி வையுங்கள்.

பிறகு இரு முன் ரயர்களின் பின்புறத்திலும், சில்லின் மைய உயரத்தில், நடுவாக ஒரு சோக்குக் கோடு போட்டு இடைத்தூரத்தை அளக்கவும். அந்தக் கோடுகள் முன்புறம் அதே உயரத்துக்கு வரும்வரை வாகனத்தைத் தள்ளி மறுபடி அளக்கவும். அதே கோடுகளையே அளப்பதால் ரிம் நெளிந்திருந்தாலும் கணக்குக் கெடாது. முன்புற அளவு சற்றே, ஓரிரு மில்லிமீற்றர், குறைவாக இருந்தால் போதும். நூல் பிடித்தால் இதே விடையைச் சிரமப்பட்டுப் பெறலாம். ஆனால் சில்லின் மற்ற இரு கோணங்களையும் நூல் காட்டாது.

லோவர் போல் ஜொயின்ட்டில் ஆட்டம் இருக்கிறது. வெங்காயம் விற்று முடியும்வரை மருதனார்மடம் சந்தைக்கு மட்டும் மெதுவாக ஓடலாமா?

ஸ்டெபிலைசர் லிங் என்றால் ஓடுங்கள், சத்தத்தை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஷொக் என்றால் பாரத்தையும் வேகத்தையும் குறைத்துச் சில நாள் சமாளிக்கலாம். பாரம் சுமக்கும் போல் ஜொயின்ட்டிலோ ரை ரொட் என்ட்டிலோ கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால் ஓடக் கூடாது. மெதுவாகப் போவது இதற்குப் பாதுகாப்பாகாது, ஏனெனில் ஜொயின்ட் பெரும்பாலும் கழல்வது ஸ்டியரிங்கை ஒடித்துக் கிடங்கைத் தவிர்க்கும் மெதுவான திருப்பத்தில்தான். வெங்காயத்தை வாடகை லாண்ட்மாஸ்டரில் அனுப்புங்கள்.

எல்லாம் பூட்டியாயிற்று. இனி எப்போது திரும்பிப் பார்க்க வேண்டும்?

சில்லு நட்டுகளை முதல் 50 கிலோமீற்றரிலும், மற்ற நட்டுகளை ஏறத்தாழ 500 கிலோமீற்றரிலும் ஒரு முறை சோதியுங்கள். இறுக்கியபோதே ஒவ்வொரு நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே வெள்ளை வர்ணத்தால் ஒரு கோடு இழுத்துவிட்டால், பிறகு றென்ச் இல்லாமலே, கோடு முறிந்திருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்க்கலாம். தீவுப்பக்கம் ஓடும் வாகனமானால் வாரத்துக்கு ஒரு முறை நல்ல தண்ணீரால் அடிப்பகுதியைக் கழுவி, அப்போதே இறப்பர் உறைகளையும் கையால் தடவிப் பாருங்கள்.